வர்க்கிக்குக் குரைத்த மணி: கேத்தியில் ஓர் இரவுக் குரைப்பு ஆய்வு

புகார் நாய் வளர்த்த வீட்டிலிருந்து வரவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. டிசம்பர் கடைசி வாரம். காலை எட்டு மணிக்குக் குல்லாவும் சால்வையுமாக வாசலில் வந்து நின்ற அந்தப் பெண், "கம்பவுண்டர் அண்ணா, அந்த நாய்க்கு ஏதாச்சும் ஊசி போட்டுத் தூங்க வைங்க. இல்லேன்னா எங்களுக்குப் போடுங்க" என்றார். அவர் வீட்டில் பத்து மாதக் குழந்தை. மூன்று வாரமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை என்பது அவர் சொல்லாமலே முகத்தில் தெரிந்தது.

நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருந்தகத்தில் 28 வருடம் மாட்டையும் நாயையும் பிடித்துக்கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வு கொடுத்தது அரசாங்கம்தான், ஊர் கொடுக்கவில்லை. ஆகவே இதை மருத்துவக் கட்டுரையாகப் படிக்க வேண்டாம். ஒரு நாய், இரண்டு வீடு, ஆறு வாரம். அதில் என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

நாயும் இடமும்

பெயர் மணி. ஆண், நான்கு வயது. தாய் நாட்டு நாய். தகப்பன் யாரென்று தெரியாது, தலையைப் பார்த்தால் லாப்ரடார் கலப்பு போல. எடை 18 கிலோ. வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்ட அட்டை இருந்தது. கருத்தடை செய்யவில்லை.

வீடு நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. முன்னால் சாலை, பின்னால் அரை ஏக்கர் கேரட், அதற்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சீகை மரங்கள். மணியைக் கட்டும் இடம் மாட்டுக் கொட்டகையின் வெளிமூலை. மேலே தகரம், கீழே சிமெண்டு, மூன்று பக்கமும் திறப்பு, நாலடிச் சங்கிலி. டிசம்பர், ஜனவரியில் அங்கே விடிகாலைப் புல்லில் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடக்கும். கேரட் தழையே கருகிப்போகும் குளிர். அந்தத் தரையில்தான் மணியின் படுக்கை. பகலிலும் அதே இடம்தான். வீட்டார் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட, வெயில் ஏறியதும் மணி மாலை வரை நன்றாகத் தூங்குவான்.

நான் போவதற்கு முன்பே வீட்டார் சில வைத்தியங்கள் பார்த்திருந்தார்கள். அதட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறார்கள், அந்தக் குளிரில். மருந்துக்கடையில் கேட்டுச் சளி மாத்திரை பாதி கொடுத்திருக்கிறார்கள். மனிதருக்கான மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணம். ஆனால் காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் கூசாமல் விழுங்கும் மாத்திரைகளில் சில நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். தூக்க மருந்தும் அப்படித்தான். சில மருந்துகள் உடம்பைக் கட்டிப்போடுமே தவிர உள்ளே இருக்கும் பயத்தைக் கட்டாது. சத்தம் கேட்டு நடுங்கும் நாய், எழுந்து குரைக்கவும் முடியாமல் படுத்தபடி நடுங்கும். நாம் அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

"நாய் ராத்திரியில் குரைக்கிறது" என்பது "மாடு தின்னவில்லை" என்பது மாதிரி. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எப்போது, எவ்வளவு நேரம், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். காது, பல், மூட்டு, தோல் எல்லாம் பார்த்தார். காதில் சீழ் இல்லை, சொறி இல்லை. பட்டைக்குக் கீழே கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண் இருந்தது, முடி மறைத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. புண்ணுக்கு மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மணிக்கு வயது நான்கு என்பதால் இன்னொரு சந்தேகம் விலகியது. பத்து வயது தாண்டிய நாய் திடீரென்று இரவில் சுவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் மூலையில் நின்றால், அது மூளை தளர்ந்துபோகும் முதுமை நோயாக இருக்கலாம். காதும் கண்ணும் மங்கியதாகவும் இருக்கலாம். அந்த நாய்க்கு நான் கீழே சொல்வது எதுவும் போதாது.

ஏழு இரவுக் குறிப்பு

அந்த வீட்டில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். "மாமா, நான் ராத்திரி முழிச்சிருந்து எழுதுறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். வீட்டில் விளக்கு எரிந்து ஆள் நடமாடினால் நாயின் நடத்தையே மாறிவிடும். அதற்குப் பதிலாக இரவு ஒன்பதரைக்குச் செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு, சமையலறைப் பின் ஜன்னல் ஓரத்தில் சார்ஜரோடு வைக்கச் சொன்னேன். காலையில் அதைத் திறந்தால் அலைகோடு தெரியும். குரைத்த இடமெல்லாம் முள் முள்ளாக நிற்கும். அந்த இடத்தை மட்டும் கேட்டால் போதும், எட்டு மணி நேரப் பதிவை இருபது நிமிடத்தில் கேட்டு நோட்டில் குறித்துவிடலாம்.

ஏழு இரவில், ஓர் இரவுக்குச் சராசரி 92 நிமிடக் குரைப்பு. பக்கத்து வீட்டுப் பெண் "விடிய விடிய" என்றார், மணி வீட்டுக்காரர் "சும்மா அஞ்சு பத்து நிமிஷம்" என்றார். இரண்டும் சரியில்லை. குரைப்பு இரவு முழுக்கப் பரவியிருக்கவும் இல்லை. மூன்று கொத்தாக இருந்தது. அந்த நோட்டைப் பார்க்கும்வரை நானும் மலைக்காரன் புத்தியில் "காட்டெருமை வருது, அதான்" என்றே நினைத்திருந்தேன். ஏழு இரவில் காட்டெருமையோ பன்றியோ வந்ததற்கான குரைப்பு இரண்டே இரவில்தான் இருந்தது.

முதல் கொத்து 9.45 முதல் 10.30 வரை. பதிவில் மணிக்கு முன்னால் வேறு நாய்கள் கேட்டன, தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. எதிர்ச்சரிவு ஊர் நாய்கள். நேரே பார்த்தால் ஒன்றரைக் கிலோமீட்டராவது இருக்கும். "மழைக்காலத்துல இவன் இந்த நேரத்துக்குக் குரைச்சதே இல்லைங்கண்ணா" என்று வீட்டம்மா சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. தென்மேற்குப் பருவத்தில் மழையும் காற்றும் எதிர்ச்சரிவை அடக்கிவிடும். மேகமில்லாத பனிக்கால இரவு அப்படியில்லை. தரை முதலில் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கிறது. மேலே ஏறிப் போகவேண்டிய சத்தம் அந்த மூடிக்குள் வளைந்து திரும்பக் கீழே இறங்குகிறது. பகலில் காதில் விழாத தூரத்துக் குரைப்பு இரவில் அடுத்த தெருவில் கேட்பதுபோல் கேட்பது இதனால்தான். உறைபனி விழும் இரவும் சத்தம் தூரம் போகும் இரவும் பெரும்பாலும் ஒரே இரவு. நமக்கே அப்படிக் கேட்டால் நாய்க்கு எப்படி இருக்கும்? நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது 45,000 வரை போகும். மணி பதில் சொல்ல, அந்தப் பதில் எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேர, அவை மறுபடி ஆரம்பிக்க, முக்கால் மணி நேரம் இப்படியே ஓடும்.

இரண்டாவது கொத்து 2.10-க்கு. கடிகாரம் பார்த்துக் குரைப்பதுபோல் ஏழில் ஆறு இரவு. பெண் பதிவைப் போட்டுக் காட்டினாள். முதல் குரைப்புக்கு நான்கு வினாடி முன்னால் ஒரு ஹாரன், இரண்டு தட்டு. கேத்திப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காலையில் சேரவேண்டிய கேரட்டை நடு இரவிலேயே பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி ஏற்ற வேண்டும். ஆட்களை ஏற்றிப்போகும் பிக்கப் வண்டிதான் அந்த ஹாரன். எந்த ஆளை ஏற்ற அங்கே நிற்கிறது என்று விசாரித்தோம். புகார் கொடுத்த வீட்டில் இருக்கும் கொழுந்தனை ஏற்றத்தான்.

இதைச் சொல்ல நான் அந்த வீட்டுக்குப் போனபோது கொஞ்சம் தயங்கினேன் என்பது உண்மை. சொன்னதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஹாரன் சத்தம் எனக்குப் பழகிப்போச்சுண்ணா, நாய்தான் கேட்டுது" என்றார். கொழுந்தன் அன்றே ஓட்டுநரிடம் பேசிவிட்டார். மறுநாளிலிருந்து ஹாரனுக்குப் பதில் மிஸ்டு கால். 2.10 குரைப்பு நான்கு நாளில் பாதியாகி, வண்டியின் முகப்பு வெளிச்சம் கொட்டகை மேல் விழுவதற்குக் குரைப்பது மட்டும் மீதி நின்றது.

மூன்றாவது கொத்துதான் பெரியது. 3.30-இலிருந்து 4.30 வரை, விட்டு விட்டு. இது காவல் குரைப்பு இல்லை என்பது கேட்டாலே தெரியும். மேல் சுருதியில் ஒரு குரைப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒன்று. நிறுத்தத்தில் காது கொடுத்துக் கேட்கிறான். நாலரைக்கு வீட்டம்மா பால் கறக்க எழுவார். பதிவில் சில நாள் அதற்கு முன்னாலேயே ஜன்னல் கொக்கி கழலும் சத்தம், பிறகு 'பொத்'தென்று ஏதோ விழும் சத்தம், பிறகு மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம், அதன் பிறகு அமைதி.

"அது என்னம்மா?"

வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். "வர்க்கிங்கண்ணா. பக்கத்து வீட்டுல குழந்தை எழுந்துக்குமேன்னு ஒண்ணைத் தூக்கிப் போடுவேன். உடனே நிறுத்திடுவான்."

வர்க்கி என்றால் எங்கள் மலையில் டீயோடு கடிக்கும் மொறுமொறு பிஸ்கட். உடனே நிறுத்தத்தான் செய்வான். வாங்க வந்ததை வாங்கியாகிவிட்டதே. ஆரம்பத்தில் சமையலறை விளக்கு எரிந்த பிறகு குரைத்திருக்கிறான், வர்க்கி வந்தது. கொஞ்சம் முன்னதாகக் குரைத்துப் பார்த்தான், அப்போதும் வந்தது. அப்படியே நாலரை நாலாகி, நாலு மூன்றரையாகியிருக்கிறது. குழந்தை தூங்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட ஒவ்வொரு வர்க்கியும் மறுநாள் குரைப்புக்குக் கொடுத்த அட்வான்ஸ்.

செய்தது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஆனால் கழுத்துப் புண்ணும் குளிரும் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கக் கூடாது. சங்கிலியை முதல் நாளே கழற்றச் சொன்னேன். இரவு இடத்தை மாற்றச் சொன்னேன்.

இங்கேதான் வீட்டில் தகராறு. "நாயை வீட்டுக்குள்ள விடுறதாவது" என்றார் பாட்டி. நடை, கூடம் எதுவும் கூடாது. நான் வாதாடவில்லை. சமையலறைச் சுவரை ஒட்டி விறகு அறை இருந்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வெந்நீர் அடுப்பு, ராத்திரி பத்து மணி வரை சுவர் கதகதப்பாக இருக்கும். விறகை ஒரு பக்கம் ஒதுக்கி, பலகை போட்டு, அதன்மேல் வைக்கோலும் சாக்கும் விரித்தோம். கதவைச் சாத்தினால் சாலை வெளிச்சம் விழாது. சுவர் நான்கும் இருப்பதால் எதிர்ச்சரிவுச் சத்தமும் பாதியாகும். வீட்டுக்காரருக்குக் காவல் போய்விடுமே என்ற கவலை. விறகு அறையில் இருந்தாலும் மூக்கும் காதும் அவனுக்குப் போய்விடாது என்றேன். அதோடு இன்னொன்றையும் நினைவுபடுத்தினேன். இந்த மலையில் சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை, சங்கிலியில் கட்டிய நாய் இலையில் பரிமாறிய சோறு. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தூரத்துச் சத்தத்தை மூடச் சமவெளியில் இருப்பவர்கள் ஃபேனைப் போடு என்பார்கள். கேத்தியில் ஃபேன் இருக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை வைத்தால் வரும் இரைச்சலைச் சன்னமாக ஒன்பது முதல் பதினொன்று வரை ஓடவிட்டோம். பாட்டுப் போடலாமா என்று பெண் கேட்டாள். பாட்டில் திடீரென்று ஏறும் இறங்கும், இரைச்சல் ஒரே சீராக இருக்கும் என்பதால் இரைச்சலே போதும் என்றேன்.

பகல் தூக்கத்தைக் குறைப்பது அடுத்த வேலை. மாலை நாலரைக்கு முக்கால் மணி நேர நடை. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அந்தி நேரம் காட்டெருமையும் கரடியும் இறங்கும் நேரம். இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை, அவன் முகர்ந்து பார்க்க நிற்கும் இடத்தில் நின்று கொடுத்தால் போதும். பத்து நிமிடம் மோப்பம் பிடித்த நாய்க்கு வரும் களைப்பு அரை மணி ஓட்டத்தில்கூட வராது என்பது என் அனுபவம். காலையில் ராகிக் களியைச் சிறு உருண்டைகளாக்கி, கேரட் தழைக் குவியலுக்குள் ஒளித்து வைத்துத் தேடித் தின்னவிட்டோம். மீதமான, உடைந்த கேரட்டை வேலியோரம் கொட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். அதுதான் காட்டெருமையை வீட்டு வாசலுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தது.

முதல் வார முடிவில் 92 நிமிடம் 48 ஆனது. முதல் கொத்து ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது, இரண்டாவது சில வினாடி உறுமலோடு சரி. மூன்றாவது அப்படியே நின்றது.

இரண்டாவது வாரம் வர்க்கியை நிறுத்தினோம். இதில் ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கவில்லை என்றால் நாய் உடனே விட்டுவிடாது, முதலில் இன்னும் பலமாகக் கேட்கும். கடையில் ஷட்டர் மூடியிருந்தால் நாம் திரும்பிப் போவதற்கு முன் நாலு தட்டு ஓங்கித் தட்டுவோமே, அது. அந்த மூன்று நான்கு நாளைப் பொறுக்காமல் விட்டுக்கொடுத்தால், ஓங்கித் தட்டினால் திறக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஆகவே பக்கத்து வீட்டில் போய், பத்து நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அங்கே வந்திருந்த அந்தப் பெண்ணின் அண்ணன், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அனுமதி, 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது, போலீஸுக்குப் போவோம் என்றார். அப்படிப் பார்த்தால் 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தில் நாயை நடக்கவே விடாமல் எப்போதும் சங்கிலியில் வைத்திருப்பதே குற்றம், அதைத்தான் இப்போது சரிசெய்கிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். தங்கை பத்து நாள் தவணை கொடுத்தார். அந்தப் பத்து நாளும் குழந்தையோடு அவர் உள் அறைக்கு மாறிக்கொண்டார்.

சறுக்கல்

மூன்று இரவு நோட்டில் எதிர்பார்த்தபடி ஏறியது: 60, 75, 83. நான்காம் இரவு திடீரென்று 20. எனக்குச் சந்தோஷம். ஐந்தாம் இரவு 90.

பதிவைக் கேட்டோம். நான்காம் இரவு 3.50-க்குக் கதவு கிறீச்சிடும் சத்தம், பிறகு அந்த மொறுமொறு. பாட்டி. "பசியில கத்துது பாவம், வாயில்லா ஜீவன். நீங்கல்லாம் போத்திட்டுப் படுத்துக்கிட்டீங்க" என்றார். தவறு என்னுடையது. வீட்டில் எல்லோரிடமும் பேசினேன், பாட்டியிடம் பேசவில்லை. எப்போதாவது ஒரு முறை கிடைப்பது தினமும் கிடைப்பதைவிட மோசம். தினமும் விழுந்த பரிசு நின்றால் நாலு நாளில் விட்டுவிடுவோம். எப்போதோ ஒரு முறை விழுகிறது என்றால் கேரளா லாட்டரி வாங்குகிறவரைப் போல விடவே மாட்டோம்.

ஆனால் பாட்டி சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதை நான் கேட்கத் தவறியிருந்தேன். மணிக்குச் சோறு மாலை ஐந்து மணிக்கு ஒரே வேளை. உறைபனி இரவில் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. அன்று முதல் இரவு எட்டு மணிக்கு முக்கிய வேளை, சோற்றோடு ஒரு முட்டையும் சேர்த்து. கொடுக்கும் பொறுப்பைப் பாட்டியிடமே ஒப்படைத்தோம். வர்க்கி டப்பா பீரோவுக்குள் போனது.

காலை வழக்கத்தையும் மாற்றினோம். வீட்டம்மா எழுந்ததும் விறகு அறைக்குப் போகக் கூடாது. மாட்டைக் கழுவிப் பால் கறந்து முடித்த பிறகு கதவருகே நிற்க வேண்டும். மணி வாயை மூடி ஐந்து எண்ணும்வரை இருந்தால் கதவு திறக்கும். குரைத்தால் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிட வேண்டும், அதட்டக்கூட வேண்டாம், அவனுக்கு அதட்டலும் பதில்தான். மூன்று நாள் கழித்து ஐந்து பத்தானது, பிறகு முப்பது. முப்பது எண்ணுவதற்குள் குளிரில் தனக்குத்தான் குரைக்கத் தோன்றுகிறது என்றார் வீட்டம்மா.

சறுக்கலோடு சேர்த்து இரண்டாம் வாரச் சராசரி 71. மூன்றாம் வாரம் 39. ஆறாம் வாரம் 9.

அந்த 9 நிமிடம்

வீட்டுக்காரர் அதையும் நிறுத்த முடியுமா என்று கேட்டார். சந்தையில் ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டை கிடைக்கிறதாமே என்றார். வேண்டாம் என்றேன். வலியைக் கண்டு வாய் மூடும் நாய்க்கு எந்தச் சத்தத்துக்காக வலித்தது என்று புரியாது, பயந்து கடிக்கும் நாயாக மாறிவிட வாய்ப்பு உண்டு. கருத்தடை செய்தால் நிற்குமா என்றும் கேட்டார். பெட்டை நாயைத் தேடி ஓடுவது குறையும், செய்வது நல்லதுதான், ஆனால் காவல் குரைப்பு அதில் போகாது. அது போகவும் வேண்டாம். நோட்டில் மீதியிருந்த 9 நிமிடத்தில் பெரும்பகுதி வாரத்தில் இரண்டு இரவில் வந்தது. சுருதி தாழ்ந்து, விடாமல், நடுவில் உறுமலோடு.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் இரவு ஒன்றேகாலுக்கு அப்படித்தான் குரைத்திருக்கிறான். மணி வீட்டில் எல்லோரும் இப்போது நன்றாகத் தூங்கிப் பழகிவிட்டார்கள், யாரும் எழவில்லை. செல்போன் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்.

"அக்கா, மணி இன்னிக்கு வேற மாதிரி குரைக்கிறான். பின்பக்க லைட்டைப் போட்டுட்டு அப்புறம் கதவைத் திறங்க."

லைட்டைப் போட்டிருக்கிறார்கள். கொட்டகைக்கும் கேரட்டுக்கும் நடுவில், மணியை முன்பு கட்டி வைத்த அதே மூலையில், இரண்டு காட்டெருமை நின்றிருக்கின்றன.